அலகு குத்தியவர் ரத்தம் கொடுக்கலாமா?

12 பிப்ரவரி 2025, தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணா, நேற்று தைப்பூசக் காவடி. நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்தியிருந்தேன், முதுகில் எலுமிச்சம்பழம் தொங்கவிடும் கொக்கிகள் வேறு. அடுத்த மாதம் எங்கள் கோயில் மண்டபத்திலேயே ரத்ததான முகாம். போன வருடம் எனக்கு முன்னால் நின்றவரிடம் "சமீபத்தில் உடம்பில் துளை போட்டீர்களா" என்று கேட்டார்கள். "இல்லை" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார். அவரும் காவடி எடுத்தவர்தான். சாமிக்குக் குத்தியது பச்சை குத்தியதோடு சேருமா? எப்படியும் எல்லா ரத்தத்தையும் சோதிக்கத்தானே போகிறார்கள்?

13 பிப்ரவரி

சேரும். கன்னத்தில் போனது வேலா, நகைக்கடையில் காது குத்தும் துப்பாக்கியா என்று கிருமி விசாரிப்பதில்லை.

பெரும்பாலான வீடுகளில் வேல் பரம்பரைச் சொத்து. தாத்தா குத்திய வெள்ளி வேலை அப்பா குத்துவார், அப்புறம் அண்ணன், அப்புறம் தம்பி. பாலில் கழுவி, மஞ்சள் நீரில் போட்டு, விபூதி பூசி எடுத்து வைப்பார்கள். அது பூஜைக்குச் சுத்தம், ஆனால் அதனால் கிருமி சாகாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தக்கறையிலேயே ஒரு வாரமாவது உயிரோடு இருக்கும். அந்தக் கறை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. நேர்த்திக்கடன் மொட்டையும் இதே கணக்குதான். பிளேடு புதிதா, பத்துத் தலை பார்த்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பல கோயில்களில் ஆளுக்கு ஒரு புது ஊசி, கையுறை என்று வந்துவிட்டது. ரொம்ப நல்லது. அப்போதும் கேள்விக்கு "ஆமாம்" என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால் சில மாதம் தள்ளி வரச் சொல்வார்கள், அவ்வளவுதான். எத்தனை மாதம் என்ற விதி காலத்துக்குக் காலம் மாறுவதால் முகாம் நர்ஸிடமே கேளுங்கள். ஆயுள் முழுக்க யாரையும் இதற்காக ஒதுக்குவதில்லை.

"எப்படியும் சோதிக்கத்தானே போகிறார்கள்" என்று கேட்டீர்களே, அதற்கு உட்கார்ந்து எழுத வேண்டும். நாளைக்கு.

14 பிப்ரவரி

நான் டர்பனில் ஒரு மருத்துவமனை ரத்த வங்கியில் கிராஸ்மேட்ச் பார்க்கும், அதாவது ஏற்றப்போகும் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்று சோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மண்டேலா ஜனாதிபதியாக இருந்தபோது தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தேன். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கல்யாண வீட்டில் கேட்பார்கள், கருமாதி வீட்டிலும் கேட்பார்கள்.

இந்த நாட்டில் தானமாக வரும் ஒவ்வொரு பையையும் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் நான்குக்கும் சோதிக்கிறார்கள். முதல் மூன்றுக்கும் இரண்டு வழியில் சோதனை உண்டு. ஒன்று பழைய வழி. ஹெச்.ஐ.வி.க்கும் சி-க்கும் கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளையும், பி-க்கு வைரஸின் மேலுறைப் புரதத்தையும் தேடுவது. இன்னொன்று நாட் டெஸ்ட். அது கிருமியின் மரபுப்பொருளையே பிடித்துப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும். 2005 அக்டோபரிலிருந்து தென்னாப்பிரிக்காவில் நாட் டெஸ்டை ஒவ்வொரு கொடைக்கும் தனித்தனியாகச் செய்கிறார்கள். பல பணக்கார நாடுகளில் பல பேருடைய மாதிரியை ஒன்றாகக் கலந்து ஒரே சோதனையாகச் செய்வார்கள், செலவு குறையும். அப்படிக் கலந்தால் ஒருவரிடம் இருக்கும் கொஞ்சநஞ்சக் கிருமி நீர்த்துப்போய்க் கண்ணில் படாமல் போகலாம். இங்கே ஹெச்.ஐ.வி. பரவியிருக்கும் அளவுக்கு அந்தச் சிக்கனம் கட்டுப்படியாகாது. டர்பன் இருக்கும் நம் குவாசூலு-நடால் மாகாணத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம், நாட்டிலேயே அதிகம் இங்கேதான்.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை இருக்கிறது. கிருமி உள்ளே நுழைந்ததற்கும் அது சோதனையில் தெரிய வருவதற்கும் நடுவிலுள்ள நாட்கள். விண்டோ பீரியட் என்பார்கள். எதிர்ப்பொருளை மட்டும் தேடினால் ஹெச்.ஐ.வி.க்கு ஏறக்குறைய மூன்று வாரம். தனித்தனி நாட் டெஸ்டில் அது ஐந்தாறு நாளாகக் குறைகிறது. ஹெபடைடிஸ் பி மெதுவாகப் பெருகும் ரகம், அதற்கு நாட் டெஸ்டிலும் வாரக்கணக்கு ஆகும். அந்த நாட்களில் ஆள் நன்றாகத்தான் இருப்பார். காய்ச்சல், இருமல் எதுவும் இருக்காது. முகாமுக்கு வந்து ஜூஸ் குடித்து பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் ரத்தம் லேபில் "சுத்தம்" என்று பச்சை வாங்கும்.

அந்தப் பையை நிறுத்த அவருடைய வாய் ஒன்றுதான் உண்டு. கேள்வித்தாள் அதற்காகத்தான்.

14 பிப்ரவரி, இரவு

"அலகு குத்தினால் ரத்தமே வராது, முருகன் பார்த்துக்கொள்வார், அப்புறம் எப்படிக் கிருமி வரும்?" என்று டர்பனுக்கு வடக்கே டோங்காட்டிலிருந்து ஒரு பெரியவர் கேட்கிறார். ஐயா, நானும் பார்த்திருக்கிறேன், ஒரு சொட்டுகூட வராது. வெளியே வராதது சரி. உள்ளே என்ன போனது என்பதுதான் என் கவலை.

16 பிப்ரவரி

பீனிக்ஸ் தம்பி கணக்கில் கெட்டிக்காரர். "காவடி பிப்ரவரி 11. முகாம் மார்ச் நடுவில். நாலு வாரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. நீங்கள் சொன்ன ஐந்தாறு நாள் எப்போதோ தாண்டிவிட்டதே, அப்புறம் ஏன் மாதக்கணக்கில் தள்ளி வைக்கிறார்கள்?"

நல்ல கேள்வி, என்னை யோசிக்கவைத்தது. ஐந்தாறு நாள் என்பது சராசரி. எல்லார் உடம்பிலும் வைரஸ் ஒரே வேகத்தில் ஏறாது. ஹெபடைடிஸ் பி சிலருக்கு ரொம்ப மெல்ல ஏறும். சிலருக்கு மிகக் குறைந்த அளவிலேயே நின்று, ஒரு சோதனையில் தெரிந்து மறு சோதனையில் மறையும். சராசரியை வைத்து விதி போட்டால் அதைத் தாண்டிப்போகும் சில பேருடைய பை யாராவது ஒரு நோயாளிக்குள் போய்விடும். அதனால் நிறைய இடம் விட்டுக் கோடு போடுகிறார்கள்.

சோதனை கூர்மையாக ஆக ஆக இந்தக் காலத்தை உலகெங்கும் குறைத்துக்கொண்டேதான் வருகிறார்கள். உங்கள் தர்க்கம் அதே திசையில்தான் போகிறது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது விதி எழுதுகிறவர்கள். முகாம் மேஜையில் நின்றுகொண்டு நீங்களாக முடிவு செய்யக் கூடாது.

19 பிப்ரவரி

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து ஒரு அக்கா கோபமாக எழுதியிருக்கிறார். "படுக்கையறைக் கேள்வியெல்லாம் கேட்கிறார்கள். புதுத் துணை உண்டா, எத்தனை பேர் என்று. முப்பது வருடம் தாலி கட்டி வாழ்கிறவளிடம் இதென்ன கேள்வி? நம் இந்திய சமூகத்தில் இந்த நோயெல்லாம் கிடையாது."

அக்கா, கடைசி வரிக்குத்தான் என் பதில். "நம்மிடம் கிடையாது" என்று நினைக்கிறவர்கள் சோதனைக்கே போகமாட்டார்கள். கிடையாது என்று எப்படித் தெரியும்?

ஆள் யார் என்று பார்த்து ரத்தத்தை எடைபோட்ட காலம் இந்த நாட்டில் இருந்தது. 1999க்குப் பிறகு, ரத்தம் திரட்டி வழங்கும் அமைப்பான ரத்த சேவை அபாயக் கணக்குப் போட்டபோது தோலின் நிறத்தையும் அதில் சேர்த்தது. கறுப்பின மக்கள் கொடுத்த சிவப்பணுக்களைப் பெரும்பாலும் நோயாளிக்கு ஏற்றவில்லை. 2004 கடைசியில் அது வெளியே வந்து பெரிய சண்டையானது. அப்போதைய சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-சிமாங் அதை நிறுத்தச் சொன்னார். அடுத்த வருடம் தனித்தனி நாட் டெஸ்ட் வந்ததற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்.

ஆண்களோடு உறவுள்ள ஆண்களைத் தனியாகப் பிரித்துத் தள்ளிய விதியும் 2014ல் போனது. யாராக இருந்தாலும் ஒரே கேள்வி என்று ஆனது. புதுத் துணையா, ஒன்றுக்கு மேற்பட்ட துணையா? உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை அக்கா. எல்லாரையும் கேட்பதால் உங்களையும் கேட்கிறார்கள். எனக்கு இது பழையதைவிட எவ்வளவோ நாகரிகமாகப் படுகிறது.

23 பிப்ரவரி

மேலே எழுதியது ஒருபக்கமாகப் போய்விட்டதோ என்று தோன்றுகிறது. மறுபக்கமும் இருக்கட்டும்.

அந்த 1999 திட்டம் நிறக்கணக்கு மட்டும் இல்லை. ஹெச்.ஐ.வி. அதிகமுள்ள பகுதிகளில் முகாம்களை மூடினார்கள், நேர்காணலைக் கறாராக்கினார்கள், தொடர்ந்து கொடுப்பவர்களை வளர்த்தார்கள். 1999-2000ல் பத்தாயிரம் கொடைக்கு 17 என்றிருந்த ஹெச்.ஐ.வி., 2001-02ல் 8 ஆகக் குறைந்தது. ஆக நோயாளிக்குப் பலன் இருந்தது, அதை மறுக்க முடியாது.

ஆனால் அந்தக் காலத்தில் ரத்த வங்கியில் உட்கார்ந்திருந்தவனாகச் சொல்கிறேன். எங்களோடு வேலை செய்த சூலு இனத்து நண்பர் ஒருவர் வருடக்கணக்கில் தவறாமல் ரத்தம் கொடுத்தவர். செய்தி வெளியான வாரம் அவர் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. நானும் போய் எதுவும் கேட்கவில்லை. அந்த விதி நல்லதா கெட்டதா என்று யாராவது விவாதம் ஆரம்பித்தால் 17, 8 என்று எண்ணைச் சொல்லிவிடுவேன். அந்தச் சாப்பாட்டு மேஜையைப் பற்றி என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

2 மார்ச்

சென்னையிலிருந்து படிக்கும் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஊரில் ஆபரேஷன் என்றால் சொந்தக்காரர்களையே ரத்தம் கொடுக்க அழைத்து வரச் சொல்வார்களே, தெரிந்த ரத்தம் பாதுகாப்பில்லையா?"

இல்லை. இங்கே அப்படி அழைத்து வரச் சொல்லும் வழக்கம் கிடையாது, பெரும்பாலும் முன்பின் தெரியாதவருக்காகக் காசு வாங்காமல் கொடுப்பதுதான். காரணம் எளிது. மாமனார் ஐ.சி.யு.வில் கிடக்கும்போது மருமகனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் "நீ கொடுக்கலாமா" என்று கேட்டால் அவர் உண்மையைச் சொல்வாரா?

சாத்தூர் விஷயம் ஞாபகம் இருக்கும். 2018 டிசம்பர். சிவகாசியில் உறவினருக்காக ஒரு 19 வயதுப் பையன் கொடுத்த ரத்தம் அங்கே தேவைப்படாமல் போய், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. அதில் ஹெச்.ஐ.வி. இருந்தது. அந்தப் பையன் 2016லேயே ரத்தம் கொடுத்து, அப்போதே கிருமி இருப்பது தெரிந்திருந்தும், யாரும் அவனிடம் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவனே ஓடிப்போய் மருத்துவமனையில் சொன்னான். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. பையன் விஷம் குடித்து அந்த மாதக் கடைசியில் மதுரையில் இறந்தான். ஜனவரியில் பிறந்த குழந்தைக்குக் கிருமி இல்லை என்று பிறகு தெரிந்தது.

எல்லாரும் லேபைத் திட்டினார்கள், திட்ட வேண்டியதுதான். எனக்கு உறைத்தது இன்னொன்று. 2016ல் ஒரு ஆள் அவனை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அவன் மறுபடி கொடுத்திருக்கவே மாட்டான். மாத்திரை சாப்பிட்டு உயிரோடு இருந்திருப்பான். சோதித்து, பையைத் தூக்கிப் போட்டுவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது.

3 மார்ச்

நேற்றுக் கேட்க விட்டுப்போனது என்று அதே சென்னைக்காரர்: இங்கே சொல்வார்களா? சொல்வார்கள். கிருமி இருந்தால் கொடுத்தவரைத் தனியாக அழைத்துச் சொல்லி, சிகிச்சைக்கு வழி காட்டுவார்கள். அவர் முன்பு கொடுத்த பைகள் யார் யாருக்குப் போயின என்று பின்னோக்கித் தேடவும் செய்வார்கள்.

இதைக் கேட்டு "அப்போ இலவச ஹெச்.ஐ.வி. டெஸ்ட்" என்று யாரும் முகாமுக்குக் கிளம்பிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அரசு கிளினிக்குக்குப் போங்கள், காசு கேட்கமாட்டார்கள். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள முகாமுக்கு வருகிறவர்தான் அந்த ஐந்தாறு நாள் ஓட்டைக்குள் இருக்க அதிக வாய்ப்புள்ளவர்.

9 மார்ச்

கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லப்போவதில்லை. "நான் ஹெச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.வி. மாத்திரை சாப்பிடுகிறேன். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குப் போய்விட்டது, என்னால் யாருக்கும் பரவாது என்று டாக்டரே சொன்னார். ஆபீஸில் எல்லாரும் முகாமுக்குப் போகிறார்கள், நான் மட்டும் போகாவிட்டால் கேட்பார்கள்."

டாக்டர் சொன்னது படுக்கையைப் பொறுத்தவரை உண்மை. ரத்தப்பைக்கு அது பொருந்தாது. ஒரு பை கிட்டத்தட்ட அரை லிட்டர், அது நேராக இன்னொருவர் நரம்புக்குள் போகிறது. மாத்திரை வைரஸை அமுக்கி வைக்கும், ஒழிக்காது. இன்னொரு சங்கடமும் உண்டு. மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் நாட் டெஸ்ட் ஒன்றும் காணாமல் போகலாம், எதிர்ப்பொருள் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். எதிர்ப்பொருள் இருக்கிறது, வைரஸ் இல்லை என்று வந்த கொடையாளர்களை மருந்து இல்லாமலே வைரஸை அடக்கிவிட்ட அபூர்வப் பிறவிகள் என்று முதலில் நினைத்தார்கள். ரத்தத்தை மறுபடி ஆராய்ந்தால் அவர்களில் நிறையப் பேர் ஏ.ஆர்.வி. சாப்பிடுகிறவர்கள். தொற்று வராமலிருக்க முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரையும் சோதனையை இப்படிக் குழப்பக்கூடியது. அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆபீஸில் என்ன சொல்வது? "எனக்கு ஹீமோகுளோபின் குறைவு, திருப்பி அனுப்பிவிட்டார்கள்." யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். இந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை.

17 மார்ச்

முகாம் முடிந்தது. மண்டபத்தில் நானும் நாற்காலி எடுத்துப் போட்டேன்.

ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. கமிட்டிப் பெரியவர் ஒருவர் மைக்கில், "காவடி எடுத்த இளைஞர்கள் எல்லாரும் முன்னால் வாருங்கள், ஒருத்தர்கூட விடக்கூடாது" என்கிறார். கன்னத்தில் வேல் தழும்பு இன்னும் ஆறாத பையன்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள். சித்தப்பா, பெரியப்பா எல்லாம் சுற்றிலும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். கேள்வி கேட்கும் மேஜைக்கும் அடுத்த நாற்காலிக்கும் நடுவில் ஒரு மெல்லிய திரை. எழுந்து வெளியே வந்தால் "என்னடா, ஏன் கொடுக்கலை?" என்று நாலு பேர் கேட்பார்கள்.

உறவினரைக் கொடுக்கச் சொல்லும் வழக்கத்தைப் பற்றி மார்ச் 2ல் வாய்கிழிய எழுதினேன். எங்கள் மண்டபத்தில் நடந்தது அதற்கு எந்த விதத்தில் குறைவு என்று தெரியவில்லை.

நர்ஸ் அனுபவசாலி. காவடிப் பையன்களை மேஜையிலேயே பிடித்துவிட்டார், "மூணு, நாலு மாசம் கழிச்சு வா ராசா" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் கொஞ்சிச் சொல்லி அனுப்பினார். தழும்பு தெரிந்ததால் பிடித்தார். தெரியாத விஷயங்களை எப்படிப் பிடிப்பது?

18 மார்ச்

பீனிக்ஸ் தம்பி நேற்று உண்மையைச் சொல்லித் திரும்பிப் போனாராம். வெளியே வந்ததும் அவர் மாமா கேலி செய்தாராம், "ஊசியைக் கண்டு பயந்துட்டான்" என்று. முதுகில் கொக்கி மாட்டிக் காவடி எடுத்தவனைப் பார்த்து!

முகாமில் ரத்தம் கொடுத்து மயங்கி விழுந்த ஒருவரைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். அவர் வேண்டுதலுக்கு விரதம் இருந்து வெறும் வயிற்றில் வந்தவர். எடை, ஹீமோகுளோபின் எல்லாம் சரியாக இருந்தாலும் சாப்பிடாமல் கொடுத்தால் தலை சுற்றும். விரதம் முடித்து, நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து வாருங்கள். விரத நாளில் கொடுத்தால் புண்ணியம் இரட்டிப்பு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

6 ஏப்ரல்

ஈஸ்டர் விடுமுறை வருகிறது. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஒரு கூட்டம், தமிழ்நாட்டுக் கோயில் டூருக்கு ஒரு கூட்டம், கோசி விரிகுடாவுக்கு மீன் பிடிக்க ஒரு கூட்டம். பின்னால் சொன்ன இரண்டு கூட்டமும் கவனிக்க: மலேரியா.

இதற்கும் கேள்வித்தாள்தான் காவல். மாகாணத்தின் வடகோடி, லிம்போபோ, மொசாம்பிக் எல்லைப்பக்கம் போய் வந்தாலும், இந்தியா போய் வந்தாலும் தேதியோடு சொல்ல வேண்டும். சென்னையிலேயே மலேரியா உண்டு. அங்கே அதிகமாக இருக்கும் விவாக்ஸ் ரகம் கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கிவிட்டு எழும். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடியதை எல்லாருக்கும் போட்டோ அனுப்புகிறீர்கள், நர்ஸிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

21 ஏப்ரல்

கமிட்டியோடு பேசினேன். சண்டை இல்லாமல் முடிந்தது, ஆச்சரியம்தான். சித்ரா பௌர்ணமிக்குப் பிறகு வைக்கும் முகாமில் மைக் அழைப்பு கிடையாது. கேள்வி மேஜை பின்னால் இருக்கும் தமிழ் வகுப்பறையில், கதவு சாத்தி. கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் வெளியே போக ஒரே வாசல், ஒரே ஜூஸ், ஒரே பிஸ்கட். கையில் பஞ்சு ஒட்டியிருப்பதை வைத்துக் கண்டுபிடிப்பார்களே என்றார் செயலாளர். விரல் நுனியில் ஹீமோகுளோபின் பார்க்க எல்லாருக்கும் குத்துவார்கள், முழங்கையை முழுக்கைச் சட்டை மறைக்கும் என்றேன். மே மாதம், குளிர் ஆரம்பித்துவிடும்.

லெனேசியா அக்கா கடைசியாகக் கேட்டது: "வீட்டுக்குப் போன பிறகு ஒருத்தருக்கு மனசு உறுத்தினால்?" ரத்த சேவைக்கு போன் செய்து "என் பையை உபயோகிக்காதீர்கள்" என்றால் போதும். தயங்காமல் சீக்கிரம் செய்ய வேண்டும். தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்தே நாள் என்பதால் அவைதான் முதலில் வெளியே போகும், சிவப்பணு 42 நாள்வரை இருக்கும். பிளாஸ்மாவை உறையவைத்து, அதே ஆள் அடுத்த முறை வந்து மறுபடி சுத்தம் என்று தெரிந்த பிறகு வெளியே விடும் முறையும் இங்கே உண்டு. 56 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவர்களை ரத்த சேவை தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது அதனாலும்தான்.

22 ஏப்ரல்

செயலாளர் காலையில் போன் செய்தார். வகுப்பறைச் சாவி தமிழ் வாத்தியாரிடம் இருக்கிறதாம், அவர் அன்றைக்கு வகுப்பை ரத்து செய்ய மாட்டாராம். பேசிப் பார்க்கிறேன்.